ஆக்ஸில் மாத்தினோம்னு பில் குடுத்தா, வீல் நட்டுக்கு நடுவுல இருக்கிற பெரிய நட்டைப் பாருங்க

அஞ்சாறு வருஷம் ஓடின சின்ன கார் வெச்சிருக்கிறவங்க அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. தாம்பரம் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல எங்ககிட்ட 41,000 ரூபாய்க்கு மேல வாங்கிட்டு, பழைய ஆக்ஸிலுக்கு (கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டு) கறுப்பு பெயிண்ட் அடிச்சு மாட்டி அனுப்பியிருக்காங்க.

பிரச்சினை ரொம்பச் சாதாரணமானதுதான். யு டர்ன் போட ஸ்டீரிங்கை முழுசா வலப்பக்கம் ஒடிச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, முன்னாடி இடது சக்கரத்துல இருந்து 'டக் டக் டக்'னு சத்தம். நேரா போனா ஒண்ணும் இல்லை. அந்த ஒர்க்‌ஷாப்ல யாருமே வண்டியை ஓட்டிப் பார்க்கலை. லிஃப்டுல ஏத்தி, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு "சார், லோயர் ஆர்ம், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாம் போச்சு"ன்னு சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன் பார்ட்ஸை மாத்தி 19,400 ரூபாய்க்கு பில் போட்டாங்க. வண்டியை எடுத்துட்டு கேட்டைத் தாண்டித் திருப்பும்போதே அதே சத்தம். திரும்பப் போய்க் கேட்டா "புது பார்ட்ஸ் சார், செட் ஆகணும், ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க"ன்னு பதில். அதுக்கப்புறம்தான் "ரெண்டு பக்க ஆக்ஸிலும் மாத்தணும்"னு இன்னொரு 22,000 வாங்கினாங்க.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா உங்களை அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. முன்சக்கரம் இழுக்கிற கார்ல கியர்பாக்ஸ்ல இருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஆக்ஸில் போகும். அதோட ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட் இருக்கு. சக்கரத்துப் பக்கம் இருக்கிற ஜாயிண்ட்டுக்குள்ள பெரும்பாலான கார்கள்ல ஆறு இரும்பு உருண்டைங்க பள்ளத்துல உருளும். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிற ரப்பர் பூட்தான் உள்ள இருக்கிற கிரீஸைக் காப்பாத்துது. பூட் கிழிஞ்சா சக்கரம் சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய தெறிச்சிரும். மழைத் தண்ணியும் மணலும் உள்ள போகும். உருண்டை ஓடுற பாதை குழி விழும். முழுசா ஒடிச்சு, இழுவை குடுக்கும்போது உருண்டை அந்தக் குழியில விழுந்து எழுந்திரிக்கிறதுதான் அந்த 'டக் டக்'. லிஃப்டுல சுமை இல்லாம சக்கரத்தைக் கையால சுத்தினா பெரும்பாலும் அது கேட்காது. அதனால ஓட்டிப் பார்க்காம எஸ்டிமேட் எழுதுறவர் உங்க காசுல ஊகம் பண்றார், அவ்வளவுதான்.

நீங்களே பார்க்கலாம். காலி மைதானத்துல மெதுவா, முழு ஒடிப்புல வட்டம் போடுங்க. வலப்பக்கம் ஒடிக்கும்போது சத்தம் அதிகம்னா பெரும்பாலும் இடது ஜாயிண்ட், இடப்பக்கம்னா வலது. நேரா போய் வேகம் எடுக்கும்போது மட்டும் வண்டி உதறுச்சுன்னா கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட்டைச் சந்தேகப்படணும். வேகம் ஏற ஏற 'ஊஊ'ன்னு ஒரே சீரா இரைஞ்சா அது பெரும்பாலும் வீல் பேரிங், ஆக்ஸிலைத் தொடவே வேண்டாம். சக்கரத்தோட உள்பக்க ரிம்ல கறுப்பா கிரீஸ் தெறிச்சிருந்தா பூட் கிழிஞ்சிருக்கு. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அதைக் கண்டுபிடிச்சா பூட், கிளாம்ப், கிரீஸ் மாத்துறதோட பெரும்பாலும் முடிஞ்சிரும். ஜாயிண்ட்டே வேண்டியதில்லை.

எங்க வண்டி 'புது' ஆக்ஸில் மாட்டி ஒரு மாசத்துலயே உதற ஆரம்பிச்சது. நிறுத்துற இடத்துல எண்ணெய்ச் சொட்டு. சேலையூர்ல ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் முதல்ல சாவியை வாங்கி ஓட்டினார். அப்புறம் கீழ படுத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால இடது ஆக்ஸிலைச் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் செதில் செதிலா உதிர்ந்தது, அடியில துருப்பிடிச்ச குழி. ரப்பர் பூட்டை இரும்பு கிளாம்ப்புக்குப் பதிலா பிளாஸ்டிக் டையால கட்டியிருந்தாங்க. "வலது பக்கம் வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டுச் சக்கரத்தைக் கழட்டிக் காட்டினார். எங்க வண்டி மாதிரி பல கார்கள்ல, சக்கரத்து நடுவுல இருக்கிற ஆக்ஸில் நட்டோட விளிம்பைத் தட்டி, ஆக்ஸில் முனையில இருக்கிற பள்ளத்துக்குள்ள மடக்கி விட்டிருப்பாங்க. அந்த மடிப்பை நிமிர்த்தாம நட்டு கழலாது. எங்க நட்டுல அந்தப் பழைய மடிப்பு அப்படியே இருந்தது, மேல துருவும் காய்ஞ்ச சேறும். வலது ஆக்ஸிலைக் கழட்டவே இல்லை. பில்லுல மட்டும் ரெண்டு.

எண்ணெய்ச் சொட்டுக்கும் காரணம் அவங்கதான். ஆக்ஸிலை உருவும்போது ஆயில் வெளிய வராம தடுக்கிற கியர்பாக்ஸ் சீலோட ரப்பர் உதட்டைக் கிழிச்சிட்டாங்க. வெளிய வந்த கியர் ஆயிலையும் திரும்ப ஊத்தலை. இதுதான் எனக்கு இன்னும் ஆறலை. காசு போனா போகட்டும், ஆயில் இல்லாம கியர்பாக்ஸ் ஹைவேல இறுகி நின்னிருந்தா? வண்டியில என் பொண்ணும் அம்மாவும் இருந்தாங்க.

சென்னையில கார் உதிரி பாகக் கடைங்க இருக்கிற ஜிபி ரோட்டுல சீல் பிரிக்காத பெட்டியில இடது ஆக்ஸில் வாங்கி, ஆயில் சீல், புது நட்டு, கியர் ஆயிலோட வேலை முடிஞ்சது. லேபர் சேர்த்து 9,800 ரூபாய். சத்தமும் இல்லை, உதறலும் இல்லை.

வேலைக்கு விடும்போதே "கழட்டின பழைய பார்ட்டும் புதுசு வந்த பெட்டியும் எனக்கு வேணும்"னு ஜாப் கார்டுல (என்ன வேலைன்னு அவங்க எழுதுற சீட்டு) எழுத வைங்க. எழுத மாட்டேன்னா வண்டியை எடுத்துட்டு வந்திருங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாய் குடுக்காதீங்க. என்கிட்ட பில் இருந்ததாலதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிய முடிஞ்சது. அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். சுரண்டின ஆக்ஸில், பிளாஸ்டிக் டை, வலது நட்டோட போட்டோ எல்லாத்தையும் புகாரோட இணைச்சிருக்கேன். ஒர்க்‌ஷாப்காரர் இப்போ "பாதிக் காசைத் தர்றோம், புகாரை வாபஸ் வாங்குங்க"ன்னு ஃபோன் பண்றார். வாங்கப் போறதில்லை.