ரேடியேட்டர் மாற்றியும் அடங்காத சூடு: பதினெட்டு மாத அனுபவம்

பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு, நெடுஞ்சாலையில் போகும்போதே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எல்லாம் வெளியேறிவிட்டது. வெப்ப மீட்டரின் முள் சிவப்பைத் தொட்ட பிறகும், நிறுத்த நல்ல இடம் தேடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அடுத்து வந்த அத்தனை செலவுக்கும் அலைச்சலுக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் காரணம்.

புது ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), புது கூலன்ட் போட்டு வண்டி கைக்கு வந்தது. மூன்றாம் நாளே முள் மறுபடி ஏறியது. மாற்றிய பொருளில்தான் குறை என்று முதலில் கோபப்பட்டேன். ஆனால் முள் ஏறியிருந்த அந்த நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இந்த இரண்டையும் சொன்னதும் மெக்கானிக் "ஏர் லாக்" என்றார். கூலன்ட் ஊற்றும்போது உள்ளே தங்கிவிட்ட காற்று ஓட்டத்தைத் தடுத்திருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை குமிழியெல்லாம் வெளியேற விட்டார். ஒரு மணி நேர வேலை. முள் நடுவில் நின்றது.

நான்கு மாதம் நிம்மதி. பிறகு ரிசர்வ் தொட்டியில் கூலன்ட் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை, சீட்டுக்கடியில் ஈரம் இல்லை. சிவப்பும் வரவில்லை. இந்தக் கட்டத்தில்தான் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கினேன்; காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து, சென்சார் அளவுகளைப் படிக்கும் கருவி அது. பல கார்களில் மீட்டர் முள் எஞ்சினின் உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை. 85 டிகிரியிலும் 100 டிகிரியிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி அதை அமைத்திருப்பார்கள். முள் நகரும்போது நாம் ஏற்கெனவே தாமதம். ஸ்கேனரில் எண் தெரியும்.

அந்த எண்ணை எந்த நிலையில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் பக்கம் பார்க்க வேண்டும். வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். என் வண்டி நெரிசலில் 96 தாண்டவில்லை, சமதளத்தில் 90. நீண்ட ஏற்றத்தில் மட்டும் 108 வரை போனது. அன்று ரிசர்வ் தொட்டி நிரம்பி வழிந்தது. எஞ்சின் பாரம் இழுக்கும்போது மட்டும் எதுவோ கூலன்டை வெளியே தள்ளுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். சின்னப் பொருள்தான், ஆனால் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கூலன்ட் கொதிக்கும் நிலையை உயர்த்துவது அதுதான். ரேடியேட்டர் வேலை செய்தவர்கள் பழைய மூடியையே திரும்பப் போட்டிருந்தார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம். மாற்றியும் குணமில்லை.

மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஆறிய எஞ்சினில் அந்த ஹோஸ் தளர்ந்திருக்க வேண்டும். மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயைப் பொருத்தினார், அதற்குள் நீல நிறத் திரவம். எஞ்சின் ஓட, உள்ளிருந்து வந்த வாயு அதன் வழியே குமிழியிட, நீலம் மெல்ல மஞ்சளானது. எரிந்த வாயு கூலன்டுக்குள் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, போய்விட்டது. எண்ணெயில் பால் நிறம் இல்லை, வெள்ளைப் புகை இல்லை. அவை இல்லாததால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

ஹெட்டைக் கழற்றி, நேர்கோல் வைத்துப் பார்த்ததில் நடுவில் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேஸ் செய்து (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட் போட்டார்கள். கழற்றியதோடு வாட்டர் பம்பையும் மாற்றச் சொன்னேன். இதற்கு நடுவில் ஒருவர் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றச் சொன்னார், மறுத்துவிட்டேன். ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடக்கூடும்.

பதின்மூன்று மாதம், 17,000 கிலோமீட்டர் ஆகிறது. அதே ஏற்றத்தில் ஏசி போட்டு ஏறினால் 97. ரிசர்வ் தொட்டியில் பேனாவால் போட்ட கோட்டை விட்டு அளவு இறங்கவில்லை.

கூலன்ட் கசிந்தபடி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. முள் ஏறிக்கொண்டே போய் திடீரென்று கீழே விழுந்தால், சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்சாரைச் சுற்றிக் கூலன்டே இல்லாமல் போயிருக்கலாம். அன்று எனக்கும் கடைசி சில நூறு மீட்டரில் முள் இறங்கியது. அதை நம்பித்தான் எஞ்சினை அணைக்காமல் இருந்தேன்.