ஐஸ் பெட்டியா, இயந்திரமா? தானக் கல்லீரலின் பயணம்

தானமாகக் கிடைத்த கல்லீரலைக் கெடாமல் வைத்திருக்கப் பல காலமாக ஐஸ் பெட்டிதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான கரைசலை நிரப்பி, 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். செலவு குறைவு, எந்த வண்டியிலும் ஏற்றலாம். ஆனால் அந்தக் கல்லீரல் வேலை செய்யுமா என்பது பொருத்திய பிறகுதான் தெரியும். என்னை உறுத்துவது இதுதான்.

இன்னொரு வழி, கல்லீரலை இயந்திரத்தில் இணைத்து வைப்பது. அதில் 37 டிகிரியில் ரத்தமும் ஆக்சிஜனும் ஓடும். உடலுக்கு வெளியிலேயே கல்லீரல் பித்தம் சுரக்கும். மருத்துவர் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு 220 மாற்று அறுவைகளை ஒப்பிட்டது. இயந்திரத்தில் இருந்தவற்றில் கல்லீரல் பாதிப்பு பாதியாகக் குறைந்தது. பயன்படாதென்று ஒதுக்கியவையும் ஐஸ் பெட்டியில் ஒதுக்கியவற்றில் பாதி அளவுதான். அதுவும் 54 சதவீதம் கூடுதல் நேரம் வைத்திருந்த பிறகு! ஆனால் நோயாளிகள் உயிர்பிழைக்கும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

(குளிரிலேயே ஆக்சிஜன் செலுத்தும் இயந்திரமும் உண்டு. இதயத் துடிப்பு நின்றபின் எடுத்த கல்லீரல்களில், ஆறு மாதத்துக்குள் வரும் ஒருவகைப் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.)

இளம் கொடையாளரின் நல்ல கல்லீரல், குறுகிய பயணம் என்றால் ஐஸ் பெட்டியே போதும். கொழுப்பேறியதோ வயதானவருடையதோ என்றால் நான் இயந்திரத்தைத்தான் கேட்பேன்.