பரம்பரை கிட்னி நோய்க்கு சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் எப்படி? நம்ம ரிவியூ

எங்க அம்மா டயாலிசிஸ்ல இருக்காங்க, தாத்தாவுக்கும் இதே பாலிசிஸ்டிக் கிட்னிதான், அதாவது ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டியா வளர்ந்துக்கிட்டே போகும். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் 50 சதவீதம் சான்ஸ்.

முதல்ல மால்ல இருக்கிற ஒரு ஸ்கிரீனிங் சென்டர்ல பேக்கேஜ் எடுத்தேன். வேஸ்ட். ஃபார்ம்ல குடும்ப விவரமெல்லாம் எழுதியும் கிட்னி எப்படி வேலை பாக்குதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை மட்டும் பாத்துட்டு நார்மல்னு அனுப்பிட்டாங்க. இந்த நோய்ல அது பல வருஷம் நார்மலாவே காட்டும், கட்டி இல்லாத பகுதி சேர்த்து வேலை பாத்துடும்ல, ஸ்கேன் எடுத்தாதான் தெரியும்.

அப்புறம் பாலிகிளினிக் (அரசாங்கப் பொது கிளினிக்) போய் ரெஃபரல் வாங்கி ஆஸ்பத்திரி கிட்னி கிளினிக் போனோம், அந்த லெட்டர் இருந்தாதான் மானிய ரேட், நேரா போயிடாதீங்க. டாக்டர் சூப்பர். யார் யாருக்கு எந்த வயசுல வந்துச்சுன்னு கேட்டு குடும்ப மரமே வரைஞ்சாங்க, குடும்பத்துல யாருக்காவது மூளையில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கான்னுகூட கேட்டாங்க, இந்த நோயோட அதுவும் சேர்ந்து வரலாமாம். என் வயசுக்கு, 15லருந்து 39 வரை, ரெண்டு கிட்னியும் சேர்த்து 3 கட்டி இருந்தாலே உறுதி. எனக்கு அதுக்கு மேலயே இருந்துச்சு. அண்ணன் 40 தாண்டிட்டார், ஸ்கேன் கிளீன், அந்த வயசுல கிளீன்னா இல்லைன்னே அர்த்தமாம். 30க்கு கீழ இருக்கிறவங்க கிளீனா வந்தாலும் அதோட விட்டுடக்கூடாது. குடும்பத்துல இவ்வளவு தெளிவா இருக்கிறதால ஜீன் டெஸ்ட் இப்ப வேணாம்னுட்டாங்க, தேவையில்லாம பில் ஏத்தல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

டோல்வாப்டான் மாத்திரை பத்தியும் மறைக்காம சொன்னாங்க. கட்டி வளர்றதை மெதுவாக்கும், குணமாக்காது, தாகம் தாங்காது, டாய்லெட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும், முதல் 18 மாசம் மாசாமாசம் லிவருக்கு ரத்தப் பரிசோதனை வேற. எம்ஆர்டி ரயில் டிரைவரா இருந்தா கஷ்டம்தான் லா! வேகமா மோசமாகிறவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம், எனக்கு இப்போதைக்கு பிரஷர் மாத்திரையும் உப்பு குறைக்கிறதும் போதும்.

குறைன்னா டயட் நோட்டீஸ்தான். மீன் சூப், பீ ஹூன் (அரிசி சேமியா) எல்லாம் இருக்கு, ஊறுகாய், அப்பளம், கருவாடு பத்தி ஒரு வரி இல்ல, நம்ம வீட்டு உப்பு பூரா அதுலதானே இருக்கு. டயட்டீஷியன்கிட்ட நானே கேட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஃபார்மசி கியூ ரொம்ப நீளம், மருந்தை வீட்டுக்கே டெலிவரி சொல்லிடுங்க.

5க்கு 4 ஸ்டார்.