ஆறு மில்லிமீட்டர் குழியில் பல்லாங்குழி

போனில் ஆடும் பல்லாங்குழி ஆப் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரத்தில் மூன்று கொடுக்கிறேன். இரண்டு பல்லாங்குழிக்கு, ஒன்று ஆப்பைச் செய்தவர்களுக்கு. ஆப்பின் பெயர் வேண்டாம், திருத்திக்கொண்டால் சரி.

எனக்கு வயது 69. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மதுரை திருநகரில் வீடு. தங்கச்சி உசிலம்பட்டியில். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, பஸ் ஏறுவது குறைந்துபோனது. புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய மீன் வடிவப் பலகை பரணில் கிடக்கிறது. "போன்லயே ஆடுங்க அப்பத்தா" என்று பேரன் இதை இறக்கிக் கொடுத்தான். பெரியவர்களுக்காகவே செய்தது என்று போட்டிருந்தது.

எழுத்து பெரிசுதான், மறுக்கவில்லை. பாராட்டு அதைவிடப் பெரிசு. ஒரு பசு, அதாவது ஒரு குழியில் நாலாகச் சேர்ந்த சோழி, எடுத்தால் திரை முழுக்க மத்தாப்பு, "சூப்பர் பாட்டி!" அறுபது வருஷமாக ஆடுகிறவளுக்கு இது எதற்கு? எனக்கு வேண்டியது விரல் வைக்க இடம்.

பழக்கம் விடாமல் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு குழி 6 மில்லிமீட்டர். தொடும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்று ஆண்ட்ராய்டுக்கு கூகுளே சொல்கிறது, அதுவும் எல்லா வயதுக்கும். என் போன் திரையின் அகலம் 7 சென்டிமீட்டர், அதில் வரிசைக்கு ஏழு குழி. போனைப் படுக்க வைத்தால் ஒரு குழிக்கு 2 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் இந்த ஆப் படுக்க மாட்டேன் என்கிறது. என் விரலில் லேசான நடுக்கம் உண்டு. மூன்றாவது குழியைத் தொட்டால் நான்காவது கிளம்பிவிடும், திரும்பப் பெறவும் வழியில்லை. விரல் வறண்டிருந்தால் திரை கண்டுகொள்வதே இல்லை. நோட்டு எண்ணுகிற மாதிரி ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டு ஆடுகிறேன்.

சோழி விழும் சத்தம் "கிளிங்" என்று உச்சத்தில். வயதானால் முதலில் போவது அந்த உச்ச ஒலிதான். பேரன் காதைப் பொத்துகிறான், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இருபது விநாடிக் கெடு வேறு. அடுப்பில் பால் பொங்கியது, அணைத்துவிட்டு வருவதற்குள் "நீங்கள் தோற்றீர்கள்". சொந்தத் தங்கச்சியோடு ஆடும்போது யாருக்கு என்ன அவசரம்? ஆட்டத்துக்கு ஆட்டம் கடன் விளம்பரம், மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு.

இதை ஆடினால் ஞாபக மறதி அண்டாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப் இப்படியெல்லாம் விளம்பரம் செய்து, போதிய ஆதாரம் இல்லை என்ற புகாரை முடிக்க 2016இல் 20 லட்சம் டாலர் கட்டியது. எனக்கு மறதி போக வேண்டாம், தங்கச்சியோடு ஒரு மணி நேரம் போனால் போதும்.

சரி, அந்த ஒரு நட்சத்திரம் எதற்கு? விதியில் கை வைக்கவில்லை. காலிக் குழி வந்தால் அதைத் துடைத்து அடுத்த குழியில் இருப்பதை எடுப்பது அப்படியே இருக்கிறது. குழிக்கு ஐந்து சோழியா ஆறா என்று நாமே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு வழக்கம் ஐந்து, மொத்தம் எழுபது.

ஆனால் நாலு சேர்ந்ததும் பசுவை ஆப் தானாகவே எடுத்துத் தந்துவிடும். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்து "பசு!" என்று கத்தி அள்ளுவதில்தானே ருசி! அதை நிறுத்தவும் ஒரு பொத்தான் இருக்கிறது, மூன்று பக்கம் உள்ளே தள்ளி ஒளித்திருக்கிறார்கள். பேரன் தேடி அணைத்துக் கொடுத்தான்.

அப்புறம்தான் ஆட்டம் களைகட்டியது. வீட்டு லேண்ட்லைனில் தங்கச்சியைக் கூப்பிட்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆடுகிறேன். நேற்று இரண்டு பசுவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். "என்னக்கா, கண்ணாடியப் போடலையா?" என்று அவள் சிரித்த சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது.