டிக்கெட் தேட கூகுளா, டிக்கெட் தளமா?

கொழும்பு நெலும் பொக்குண அரங்கில் இசைநிகழ்ச்சி என்று கேள்விப்பட்டால் எங்கே தேடுவது?

எது அகப்படும்
கூகுள்: பல தளங்கள் ஒரே பக்கத்தில். போன வருடத்து நிகழ்ச்சியும் சேர்ந்தே வரும். தேடல் கருவிகளில் காலத்தைக் கடந்த ஒரு மாதத்துக்குச் சுருக்குங்கள். கலைஞர் பெயரையும் மண்டபப் பெயரையும் தனித்தனி மேற்கோள்குறிக்குள் போட்டால் குப்பை குறையும்.
தளம்: தான் விற்பதை மட்டும் காட்டும். தமிழில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆங்கிலத்திலும் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள், ஆகவே திகதியைப் பிடித்துத் தேடுங்கள்.

விலை
கூகுள்: மேலே விளம்பரமாக வருபவற்றில் மறுவிற்பனைக்காரரும் இருக்கலாம். ஏற்பாட்டாளரின் முகநூல் பக்கத்து இணைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
தளம்: சேவைக் கட்டணம் சில வேளை கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும்.

ஆசனம்
கூகுள்: உதவாது.
தளம்: வரைபடத்தில் தெரிவுசெய்த ஆசனத்தைச் சில நிமிடமே பிடித்துவைக்கும். வங்கியின் ஓடிபி பிந்தினால் ஆசனம் போய்விடும். ஓடிபி அடித்ததும் பக்கத்தை மூடாதீர்கள். வங்கி காசைக் கழித்த தகவல் தளத்துக்குத் திரும்பாமல் டிக்கெட் தொங்கிவிடும். அப்படியானால் உடனே மறுபடி கட்டாமல் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள், பிறகு ஓடர் இலக்கத்தோடு தளத்துக்கு அழையுங்கள்.

இந்த மாதம் என்ன நடக்கிறது என்றே தெரியாதவருக்குக் கூகுள். நிகழ்ச்சியும் நாளும் தெரிந்தவருக்குத் தளம். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபத்துக் கச்சேரி, நாடகம் என்றால் இரண்டையும் நம்பி இருக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் சுற்றும் நோட்டீஸில் உள்ள இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்தால் போதும்.