லயத்தை விட்டு வெளியே: சீமெந்துக் கல்லா, மண் கல்லா?

தோட்டத்து லயத்தை, அதாவது வரிசை வீட்டை, விட்டு ஏழு பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் வீடு கட்டப்போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, சுவருக்கு எந்தக் கல் என்பதைத்தான்.

சீமெந்துக் கல் மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கும் கிடைக்கும், எந்த மேசன் பாஸுக்கும் பழகிய வேலை. ஆனால் லொறி ரோட்டோடு நின்றுவிடும். அப்புறம் மேடு வரை தலைச்சுமைதான். அந்தக் கூலியையும் சேர்த்தே விலை பாருங்கள்.

அழுத்திய மண் கல்லுக்குப் பெரும்பாலும் காணியில் வெட்டிய மண்ணே போதும். புல்வேர் உள்ள மேல்மண்ணை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். சலித்து, 5 முதல் 10 சதவீதம் சீமெந்து கலந்து கை அச்சில் அழுத்தலாம். சூளையும் விறகும் வேண்டாம். கலவையை உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டானால் ஈரம் சரி. அப்படியே சப்பையாகக் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. செய்த கல்லைப் படங்கு போட்டு மூன்று, நான்கு வாரம் ஈரமாகவே வைக்க வேண்டும். அவசரக்காரருக்கு இது சரிவராது. அச்சு வேலை தெரிந்தவர்களும் குறைவு. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள்.

என் தெரிவு மண் கல். கருங்கல் அத்திவாரமும் அகலமான தாழ்வாரமும் இருந்தால் நம் மழையைத் தாங்கும்.

எந்தக் கல்லானாலும் சரிவைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காட்டாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களையே மூடியது.