காசல்ரீ கரைக்கு எந்தக் கண்ணாடி?

ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டிலோடு காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கம் போய்விடுகிற ஆள் நான். ஹட்டன் நடைபாதையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியையும், அதைவிட நாலு மடங்கு விலை கொடுத்து எடுத்த போலரைஸ்ட் கண்ணாடியையும் ஒரே கரையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதலாவது எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது, அவ்வளவுதான். தண்ணீரின் பளபளப்பும் மங்கும், அடியில் நிற்கிற மீனும் மங்கும்.

போலரைஸ்ட் அப்படியில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். இந்தக் கண்ணாடியோ செங்குத்தாக அதிர்வதை மட்டும்தான் உள்ளே விடும், அதனால் பளபளப்பு கழன்றுபோய், கரையோரச் சேற்றில் ஆண் திலாப்பியா தட்டு மாதிரித் தோண்டி வைத்திருக்கும் குழிகள்கூடத் தெரிகின்றன. ஆனால் எங்கே பார்த்தாலும் ஒரே பலன் கிடைக்காது. தண்ணீரிலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதன் 1.33 மடங்கு தூரத்தில்தான் முழுப் பலன். நீரோரமாக நின்றால் கண் 5 அடி உயரம், அப்போ ஆறரை அடி தள்ளிப் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறி கண் 15 அடிக்குப் போனால் 20 அடி. அக்கரையைப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியலையே" என்று கண்ணாடியைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தலையைச் சாய்த்தாலும் பளபளப்பு திரும்பி வந்துவிடும்.

சரி, எந்த நிறம்? சாம்பல் நிறம் வெயில் கொளுத்துகிற நாளுக்கு நல்லது, நிறங்களையும் மாற்றாது. ஆனால் நம் மலையில் அப்படி எத்தனை நாள் கிடைக்கும், பத்து மணிக்கு வெயில், பதினொன்றுக்குப் பனிமூட்டம். காப்பி நிறம் மந்தாரத்திலும் மீனையும் அடியையும் பிரித்துக் காட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதுதான் என் தெரிவு. மஞ்சள் விடியற்காலைக்கு மட்டும்.

கடையில் ஏமாறாமலிருக்க கடைக்காரரின் கல்குலேட்டரை வாங்கி, கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே அதைச் சுற்றுங்கள். அசல் என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் எண்கள் மறையும். அப்படி மறைந்தாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி, யுவி 400 என்று இருக்கிறதா பாருங்கள். உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். தடுக்காத கறுப்புக் கண்ணாடியோ இருட்டில் கண்மணியை விரியவைத்து அதை உள்ளே விடும். மலையில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை.

மழை பெய்து தேயிலைச் சரிவிலிருந்து செம்மண் இறங்கிவிட்டால் கறுப்பும் போலரைஸ்டும் ஒன்றுதான், சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்க்க வேண்டியதுதான்.

பார்வைக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மேலே மாட்டுகிற போலரைஸ்ட் கிளிப் இருக்கிறது, மலிவு. அண்ணன் அதைத்தான் வைத்திருக்கிறார். குளிர் காலையில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்து, மீன் இழுக்கிற நேரமாகப் பார்த்துச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு நிற்பார்.